கற்பிப்பவரும் கற்க வேண்டும்

திருகோணமலை லிங்கநகரானாலும் கொழும்பானாலும், இடுப்பு வலிக்கிறது என்று உம்மா சொன்னால் "அசையாமல் படுங்க" என்போம். முன்பு வைத்தியர்களும் அதையே சொன்னார்கள்.

1995இல் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்ற உதவியது. ஹெல்சிங்கி நகர ஊழியர்கள் 186 பேரைக் கவனித்தார்கள். திடீர் இடுப்பு வலிக்கு இரண்டு நாள் படுத்திருந்தவர்களைவிட, இயன்றவரை வழமையான வேலைகளைச் செய்தவர்களே விரைவில் தேறினார்கள். (கால் மரத்தாலோ, சிறுநீர் தடைப்பட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

இத்தகைய புதிய அறிவு நம் வீட்டுக்கு யாரால் வருகிறது? பிசியோதெரபிஸ்ட்டுகளை உருவாக்கும் ஆசிரியர்களால்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதற்குப் பட்டப்படிப்பே உண்டு. கற்பிப்பவர் தாம் அன்று படித்ததோடு நின்றுவிட்டால், பழைய பாடம் வகுப்பு முழுவதற்கும் போய், கடைசியில் நம் உம்மாமாரின் இடுப்பில்தான் வந்து முடியும். ஆகவே அவர் புதிய ஆய்வுகளை வாசிக்க வேண்டும். நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். கற்பிக்கும் முறையையும் பயில வேண்டும்.

உங்கள் மகளோ மருமகளோ அத்தகைய ஆசிரியையா? பயிற்சிக்குப் போகக் கேட்டால், "படித்தது போதாதா?" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த நாட்களில் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கல்வி பெருக அல்லாஹ்விடம் துஆக் கேட்கும் நாம், அதற்கு வழியும் விட வேண்டாமா?