கமராவுக்குள் பங்கசு: திருத்துவதா, விடுவதா?

எசல பெரஹெரா நெருங்கும்போதுதான் கண்டியில் பலர் அலுமாரிக்குள் கிடக்கும் கமராவைத் தேடி எடுக்கிறார்கள். பற்றரி போட்டால் வேலை செய்கிறது. படம் மட்டும் வெளுத்து மங்கலாக விழுகிறது. கமரா பழுது என்று கடைக்கு ஓடுமுன் லென்ஸைப் பாருங்கள்.

லென்ஸைக் கழற்றி, அதன் துவாரத்தை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டோர்ச் அடித்துச் சற்றுச் சாய்வாகப் பார்க்க வேண்டும். சிலந்தி வலைபோல ஓரத்திலிருந்து உள்ளே படர்ந்த இழைகள் தெரிந்தால் அது பங்கசு. இழையில்லாமல் ஒரே சீரான மங்கல் என்றால் உள்ளே பூசிய எண்ணெய் ஆவியாகிப் படிந்திருக்கலாம். விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால், இரு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுப்போயிருக்கிறது.

கண்டி பங்கசு செழிக்கும் ஊர். சுமார் 500 மீற்றர் உயரம், சுற்றிலும் மலை, நடுவே வாவி, இரு பருவக்காற்றுகளின் மழையும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நீடித்தால், லென்ஸில் ஒட்டிய தூசியையும் எண்ணெய்ப் பசையையும் தின்றே பங்கசு வளர்ந்துவிடும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கிறது. ஆரம்பத்திலேயே கழற்றித் துடைத்தால் தடமே இருக்காது. அரித்த பிறகு துடைத்தால் பங்கசு போகும், வடு போகாது. ஒட்டிய கண்ணாடிகளுக்கு இடையே புகுந்துவிட்டால் திருத்தச் செலவழிப்பது வீண்.

பழைய கைமுறை லென்ஸ்கள் திருகாணிகளால் பூட்டியவை. கைப்பழக்கமுள்ளவர் கழற்றித் துடைத்துவிடுவார். இலத்திரனியல் பலகை பழுதானால் கதை வேறு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டியது. இறக்குமதி உதிரிப்பாகம் வாங்குவோர் கையைச் சுட்டது. எனவே முதலில் செலவுக் கணக்கைக் கேளுங்கள். அதே ரகப் பழைய கமராவின் சந்தை விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம் என்பது என் கணக்கு. தாத்தாவின் கமரா என்றால் கணக்குப் பார்க்கத் தேவையில்லை, அது வேறு விடயம். ஒன்று மட்டும்: பிளாஷ் உள்ள கமராவை வீட்டில் நீங்களே கழற்ற வேண்டாம். பற்றரியை எடுத்த பின்னும் அதன் மின்தேக்கியில் சுமார் 300 வோல்ற் தங்கியிருக்கும்.

திருத்தி வாங்கிய லென்ஸைப் பழைய தோலுறைக்குள் திரும்ப வைக்காதீர்கள். ஈரத்தைப் பிடித்து வைத்துப் பங்கசுக்குத் தீனி போடுவது அந்தத் தோல்தான். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். அரிசிப் பானைக்குள் கமராவைப் புதைக்க வேண்டாம், அது தூசியைத்தான் சேர்க்கும்.