வீட்டு மாடியில் சூரிய மின்தகடு அமைக்கும் முறை

பூலாம்பாடி முதலிய பச்சைமலையடிவார ஊர்களில் வெயிலுக்குக் குறைவில்லை என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் சூரிய மின்தகட்டை மாடியில் எவ்விடத்தில், எத்திசை நோக்கி வைப்பது என்பதைப் பொறுத்தே மின்சாரமும் அதனாலாகும் மிச்சமும் அமையும். தகடுகள் சுமார் 25 ஆண்டுகள் உழைப்பவை. தவறான இடத்தில் பதித்தால் அத்தனை ஆண்டும் நஷ்டமே. ஆகையால் பணம் கொடுக்குமுன் மாடியைப் பரிசோதித்தல் அவசியம்.

திசையும் சாய்வும்: இவ்வூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11½ பாகையில் உள்ளது. சித்திரைத் தொடக்கம் முதல் ஆவணித் தொடக்கம் வரை நண்பகற் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கேயும், ஏனைய மாதங்களில் தெற்கேயும் நிற்கும். ஆதலின் தகடு தெற்கு நோக்கி, 10 அடி நீளத்திற்கு 2 அடி உயரும்படி சாய்ந்திருத்தல் நலம். கிழக்கு அல்லது மேற்கு நோக்கினும் இச்சிறு சாய்வில் விளைவு சொற்பமே குறையும். சாய்வு மழைநீர் வழிந்தோடவும் உதவும்.

நிழல்: திசையைவிட நிழலே பெருங்கேடு. தகட்டின் கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடுக்கப்பட்டவை. வாய்க்காலில் ஓரிடம் அடைபட்டால் கடைமடைக்கு நீர் குறைவதுபோல, சிறிதளவு நிழலும் பெரும்பகுதி மின்சாரத்தைக் குறைத்துவிடும். மார்கழியின் முற்பகுதியில் 10 அடி உயரமுள்ள தண்ணீர்த் தொட்டியின் நிழல், நண்பகலில் வடக்கே சுமார் 7 அடியும், காலை ஒன்பது மணியளவில் வடமேற்கே சுமார் 15 அடியும் நீளும். ஆகவே தொட்டியை மாடியின் வடபுறத்தில் வைத்துத் தென்புறத்தைத் தகட்டிற்கு விடுதல் தகும். தென்னையும் வேம்பும் வளரும் என்பதையும் மறத்தலாகாது.

உஷ்ணமும் தூசியும்: தகட்டிற்கு வேண்டியது ஒளியேயன்றி உஷ்ணமன்று. சூடு ஏறுந்தோறும் விளைவு குறையும். ஆதலின் தளத்தோடு ஒட்டவிடாமல், கீழே காற்று உலவ இடைவெளி விடவேண்டும். தகட்டின் நிழலால் கீழறையின் புழுக்கமும் ஓரளவு தணியும். மக்காச்சோளம் அடிக்குங் காலத்தில் படியும் தூசியை, வெயில் ஏறுமுன் நீரால் கழுவுதல் நன்று.

மிச்சம்: ஒரு கிலோவாட் அமைப்பிற்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும், நிழலற்ற இடத்தில் நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் கிடைக்கும். மின்கட்டணம் படிப்படியாய் உயர்வதால், அதிக விலையுள்ள மேற்படி யூனிட்டுகளே முதலில் மிச்சமாகும். மிகுதியாகச் செலவிடும் வீட்டிற்கே அனுகூலம் அதிகம். தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கு இரு மாதத்திற்கு 100 யூனிட் விலையின்றி அளிக்கும் ஏற்பாடு வந்தமையால், அவ்வளவிற்குள் செலவிடுவோர் அவசரப்படத் தேவையில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தில், 3 கிலோவாட் வீட்டமைப்பிற்கு ரூ. 78,000 மானியம் விதிக்கப்பட்டது. மானியம் முதலைக் குறைக்குமேயன்றி, நிழலில் வைத்த தகட்டை விளையச் செய்யாது.

ஆகவே மாடியில் காலை ஒன்பது, நண்பகல், மாலை மூன்று ஆகிய வேளைகளில் விழும் நிழலைச் சுண்ணாம்பினால் கோடிட்டுப் பார்த்தல் சிறந்த உபாயம். மார்கழியில் இதைச் செய்வது உத்தமம். அப்போது வெயில் விழுமிடத்தில் மற்ற மாதங்களிலும் பெரும்பாலும் குறையிராது. வடபுறத்தில் மரமோ தொட்டியோ இருப்பின் ஆனியிலும் ஒரு முறை பார்க்கவேண்டும். கிராம அதிகாரிகள் பொதுக் கட்டிடங்களுக்கும் இம்முறையையே கையாளுதல் தகும்.