மதில் கட்டியவர் மதிலைச் சந்தேகித்தபோது

ஜே சவுத்ரி பிறந்த பனோ, இமாசலப் பிரதேசத்தின் ஊனா மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமம். அவர் எட்டாம் வகுப்புக்கு வரும்வரை வீட்டில் மின்சாரம் இல்லை. குழாய்த் தண்ணீர் பத்தாம் வகுப்பில்தான் வந்தது. உயர்நிலைப் பள்ளி பக்கத்து ஊரில், தினமும் கிட்டத்தட்ட நாலு கிலோமீற்றர் நடை. இன்று இணையப் பாதுகாப்புத் துறையின் பெரும் பணக்காரர்களில் ஒருவர் என்பதால், அமெரிக்கப் பத்திரிகைகள் இந்த விவரங்களை வியந்து வியந்து எழுதுகின்றன. இலங்கையின் ஊவாவில், நமுனுகுலை, பசறை, லுணுகலைப் பக்கத்துத் தோட்ட லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இதில் வியக்க என்ன இருக்கிறது? குப்பி விளக்கில் படித்தவர் இங்கே வீட்டுக்கு ஒருவர் இருப்பார்.

பனோவில் இருந்து பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தின் பொறியியல் வகுப்புவரை அவருக்கு ஒரு படிக்கட்டு இருந்தது. அவர் அதில் ஏறிக்கொண்டிருந்த எழுபதுகளில் ஊவாவின் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு முடிந்தன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977இல். ஏழ்மை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆறாம் வகுப்புத்தான் ஒன்றாக இல்லை.

1980இல் மேற்படிப்புக்குச் சின்சினாட்டி போனவர், ஐ.பி.எம்., என்.சி.ஆர்., யுனிசிஸ் என்று சம்பள வேலையிலேயே இருந்தார். சொந்தக் கம்பனி தொடங்கியது 1996இல். படிப்பை முடித்த கையோடு கம்பனி தொடங்கச் சொல்லி ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்பவர்கள் இந்தப் பதினாறு வருட இடைவெளியைக் கவனிக்கலாம். அவரும் மனைவி ஜோதியும் வேலையை விட்டுவிட்டு, மிச்சம் பிடித்திருந்த ஏறக்குறைய ஐந்து லட்சம் டொலரையும் போட்டு அட்லாண்டாவில் தொடங்கிய கம்பனிதான் செக்யூர்ஐடி. கம்பனிகளின் வலையமைப்பைச் சுற்றி ஃபயர்வோல் என்ற மதிலைப் பொருத்திக் கொடுப்பது அதன் முக்கிய வேலை.

இணையத்தில் எந்தத் தகவலும் சிறு சிறு பொதிகளாக உடைந்துதான் பயணம் செய்கிறது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எந்தக் கதவைத் தட்டுகிறது என்று எழுதியிருக்கும். அந்தக் கதவுக்குத்தான் போர்ட் எண் என்று பெயர். மறையாக்கம் செய்த வலைத்தளங்களுக்கு அது 443. ஃபயர்வோல் இந்தத் தலைப்பை விதிப்பட்டியலோடு ஒப்பிட்டு, விடலாமா தடுக்கலாமா என்று முடிவு செய்யும். கொஞ்சம் கெட்டிக்கார ஃபயர்வோல், உள்ளேயிருந்து யார் எதைக் கேட்டார்கள் என்பதையும் நினைவில் வைத்திருக்கும். கேட்காத கேள்விக்கு வரும் பதிலை அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

1998இல் செக்யூர்ஐடியை வெரிசைன் வாங்கியது. அடுத்து மின்னஞ்சலுக்குக் காவல் வைக்கும் சைஃபர்டிரஸ்ட், வயர்லெஸ் வலையமைப்புக்குள் நுழையும் திருட்டுக் கருவிகளைக் கண்டுபிடிக்கும் ஏர்டிஃபென்ஸ். இரண்டும் கைமாறின. ஆனால் சவுத்ரியை வெறும் வியாபாரியிலிருந்து பிரித்துக்காட்டுவது, 2007இல் ஸீஸ்கேலரைத் தொடங்கும்போது அவர் எழுப்பிய சந்தேகம்: வேலையாட்கள் கஃபேயில் இருக்கிறார்கள், கம்பனியின் மென்பொருள் வேறொருவருடைய கிளவுடில் இருக்கிறது, அப்படியானால் இந்த மதில் எதைச் சுற்றி நிற்கிறது?

தோட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பேர் கொடுத்தாகிவிட்டது என்பதற்காக அன்று முழுக்க யாரும் சும்மா நம்பிவிடுவதில்லை. கொழுந்தைக் கொண்டுவந்து இறக்கும் ஒவ்வொரு நிறுவையிலும் ஆளைப் பார்த்து, எடையைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். (அந்த எழுத்தில் எத்தனை கிலோ காணாமற்போகிறது என்பது வேறு வழக்கு.) ஃபயர்வோல் பெரட்டோடு நின்றுவிடும். வாசலைத் தாண்டியவர் உள்ளே எங்கும் போகலாம். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் அதுதான் நடந்தது. குளிரூட்டி வேலை பார்த்த ஓர் ஒப்பந்தக் கம்பனியின் கடவுச்சொல்லைத் திருடி நுழைந்தவர்கள், உள்ளுக்குள்ளேயே நகர்ந்து நகர்ந்து பணம் கட்டும் இயந்திரங்கள்வரை போய், சுமார் நாலு கோடி வங்கி அட்டைகளின் விவரங்களை அள்ளினார்கள்.

ஸீஸ்கேலரின் வழி இப்படி: ஊழியரின் லேப்டாப் முதலில் அருகிலுள்ள ஸீஸ்கேலர் தரவு மையத்தோடு பேசுகிறது. ஆள் யார், கருவி எது, கேட்பது எதை என்று அங்கே ஒவ்வொரு தடவையும் சோதனை. கம்பனியின் மென்பொருளும் தன் பக்கத்திலிருந்து அதே மையத்துக்குத் தானாகவே இணைப்பு எடுக்கிறது. இரண்டையும் நடுவில் முடிச்சுப் போடுவதோடு சரி. முழு வலையமைப்புக்குள் யாரையும் விடுவதில்லை. வெளியிலிருந்து தட்டுவதற்குத் திறந்த கதவு ஒன்றுகூட இல்லாததால், தேடி வருகிற திருடனுக்கு அங்கே மென்பொருள் இருப்பதே தெரியாது. 2018 மார்ச்சில் கம்பனி நாஸ்டாக் சந்தைக்கு வந்தது. 16 டொலர் பங்கு முதல் நாளிலேயே இரட்டிப்பைத் தாண்டியது.

யாரையும் சும்மா நம்பாத இந்த வழிக்கு ‘ஜீரோ டிரஸ்ட்’ என்ற பெயரை 2010இல் பரப்பியவர் ஜான் கிண்டர்வாக் என்ற ஆய்வாளர், சவுத்ரி அல்ல. ஃபயர்வோலின் காலம் முடிந்தது என்று சவுத்ரி சொல்லும்போது, அது அவருடைய கடைச் சரக்குக்கான விளம்பரமும்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. எல்லோருடைய இணையப் போக்குவரத்தையும் ஒரே கம்பனியின் கையில் கொடுப்பதிலும் ஆபத்து உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற இன்னொரு பாதுகாப்புக் கம்பனி அனுப்பிய ஒரு பிழையான அப்டேட், 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்கவைத்தது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் திணறின. தாக்கியவர் யாருமில்லை.

நம் நாட்டுக் கதை இதைவிடச் சாதாரணமானது. 2023 ஆகஸ்டில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் சேவையை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் பூட்டியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போய்விட்டன. ஓடிக்கொண்டிருந்தது பத்து வருடப் பழைய மைக்ரோசொப்ட் மென்பொருள். அந்த மூன்று மாதத்துக்கு, தாக்குதல் எட்டாத தனி நகல் இல்லை. இங்கே ஜீரோ டிரஸ்ட் இருந்திருந்தாலும் அழிந்த கடிதங்களைத் திருப்பித் தந்திருக்காது.

பதுளை பஜாரில் ஒரு மருந்துக் கடையோ, வெலிமடையில் ஒரு கூட்டுறவுச் சங்கமோ ஸீஸ்கேலருக்குக் காசு கட்டப் போவதில்லை, கட்டவும் வேண்டாம். வாரம் ஒரு தடவை கணக்கை ஒரு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, வயரைக் கழற்றி, அலுமாரியில் பூட்டி வைத்தால், அங்கே இருக்கும்வரை அந்த நகலை எந்த ரான்சம்வேரும் தொட முடியாது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து, கோப்புகள் சரியாக வருகின்றனவா என்றும் பார்த்துவிட வேண்டும். நகல் எடுப்பவர்களில் பலர் செய்யாமல் விடுவது இதைத்தான்.