கேட்டைத் திறந்து வைத்தது யார்?



ரொம்ப நாளாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நான் பட்ட அவமானம் இன்னொரு வீட்டில் நடக்காமல் இருந்தால் போதும்.

எங்கள் வீடு சென்னை மேற்கு மாம்பலத்தில். என் மாமியார் காலமான பிறகு மாமனாருக்கு ஒரே துணை மணி. நாட்டு நாய்தான், பழுப்பு நிறம். விடியற்காலை இருவரும் வாக்கிங் போய்விட்டு வந்து, ஒரே பிஸ்கட் பாக்கெட்டைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

2024-ம் வருஷ தீபாவளி, அக்டோபர் 31. பட்டாசு வெடிக்க அரசு கொடுத்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. எங்கள் தெருவில் அதை யார் கேட்கிறார்கள்? சாயங்காலத்திலிருந்தே சரவெடி. மணி கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. எட்டரை மணிக்கு சாதம் வைக்கப் போனால், ஆளைக் காணோம். வாசல் கேட் லேசாகத் திறந்து கிடந்தது.

"கேட்டை யார் திறந்து போட்டது?" என்று கத்தினார் என் கணவர். சாயங்காலம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்மணி வந்து புடவையும் பட்சணமும் வாங்கிக்கொண்டு போயிருந்தார். "கடைசியா போனது அவங்கதானே!" என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

உண்மை எனக்குத்தான் தெரியும். ஏழு மணிக்கு மேல், பக்கத்து வீட்டுக்கு மைசூர்பாகுத் தட்டை எடுத்துக்கொண்டு போனவள் நான். இரண்டு கையிலும் தட்டு. திரும்பி வரும்போது கேட்டை முழங்கையால் தள்ளிவிட்டு, கொக்கி போடாமல் உள்ளே ஓடி வந்தேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. இதைச் சொல்ல வாய் எடுத்தேன். மாமனார் முகத்தைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்தவரிடம் என் கணவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ஏம்மா, கேட்டைச் சாத்தாம போயிட்டியே" என்று மாமனாரும் கேட்டுவிட்டார். "நான் சாத்திட்டுத்தான்யா போனேன்" என்றார் அவர். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரம் துலக்கப் போய்விட்டார். நான் காய் நறுக்குவது போல் குனிந்துகொண்டேன்.

போட்டோ போட்டு, 2,000 ரூபாய் சன்மானம் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டினோம். ஓர் ஆள் போன் செய்து, "நாய் என்கிட்டதான் இருக்கு. வண்டிச் செலவுக்கு முதல்ல 1,500 அனுப்புங்க" என்றான். நல்லவேளை, மணியின் இடது காதில் இருக்கும் சின்னப் பிளவை நோட்டீஸில் நாங்கள் போடவில்லை. "காதில் என்ன அடையாளம்?" என்று கேட்டதும் போனை வைத்துவிட்டான்.

மூன்று நாள் மாமனார் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

நான்காம் நாள் காலை, வேலைக்கு வருகிறவரிடமிருந்து போன். ஜாபர்கான்பேட்டையில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் துப்புரவுப் பணியாளர் ஒருவர் இருக்கிறார். தினமும் அவரிடம் விசாரித்திருக்கிறார். அசோக் நகரில், ஓடாமல் நிற்கும் ஒரு வேனுக்கு அடியில் பழுப்பு நாய் பதுங்கியிருப்பதாக அவர் சொன்னாராம்.

ஓடினோம். மணி என்று கூப்பிட்டால் உறுமுகிறது. என் கணவர் குனிந்து பிடிக்கப் போனார். "இருங்கய்யா, பயந்து ஓடிடும்" என்று தடுத்துவிட்டு, அவர் தரையிலேயே உட்கார்ந்தார். கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, அதைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி மெதுவாகப் பேசிக்கொண்டே இருந்தார். கால்மணி நேரம் கழித்து மணி ஊர்ந்து வந்து அவர் மடியில் தலை வைத்தது. மாமனார் அந்தத் தெருவிலேயே நின்று அழுதுவிட்டார்.

அன்று மத்தியானம் எல்லோர் எதிரிலும் உண்மையைச் சொன்னேன். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "தெரியும்மா. நான் கொக்கி போட்ட சத்தம் எனக்கே கேட்டுச்சு. நீங்களா சொல்வீங்கன்னுதான் இருந்தேன்." செருப்பால் அடித்திருந்தால் கூட அப்படி வலித்திருக்காது. என் கணவரும் மன்னிப்புக் கேட்டார். சன்மானப் பணத்தை அவர் தொடவில்லை, துப்புரவுப் பணியாளரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

பிறகு கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் சொல்லிவிடுகிறேன். மனிதக் காதை விட நாயின் காது பல மடங்கு கூர்மை. வெடிச்சத்தத்தில் மிரண்ட நாய், வளர்த்தவர் கூப்பிட்டாலும் சில சமயம் வராது. துரத்தக் கூடாது. வண்டிகளுக்கு அடியில், சந்துகளில் பதுங்கும் என்பதால், சந்தடி இல்லாத விடியற்காலையில் தேடுவது நல்லது. பால்காரர், இஸ்திரி வண்டிக்காரர், பூக்காரம்மா, துப்புரவுப் பணியாளர் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். தெருவில் எந்த நாய் புதுசு என்பது அவர்கள் கண்ணில்தான் முதலில் படும்.

மணியின் கழுத்துப் பட்டையில் அழகாகச் சலங்கை கட்டியிருந்தோம், போன் நம்பர் எழுதவில்லை! இப்போது எழுதிவிட்டோம். சென்னையில் 2025-ல் மாநகராட்சி வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப் போடச் சொன்னபோது அதையும் போட்டோம். அரிசி அளவுதான் இருக்கும், தோலுக்கு அடியில் வைப்பார்கள். நாய் எங்கே இருக்கிறது என்று அது காட்டாது. கருவி வைத்துப் பார்த்தால் 15 இலக்க எண் தெரியும், அதைக்கொண்டு யார் வீட்டு நாய் என்று கண்டுபிடிக்கலாம். போன் நம்பரை மாற்றினால் மறக்காமல் அந்தப் பதிவிலும் மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. தோடோ, பணமோ, நாயோ, வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அதைத் தேடுங்கள், பழி போட ஆளைத் தேடாதீர்கள். தப்பு நம் பேரில் இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். நான் மூன்று நாள் தாமதித்தேன். அந்த அம்மா இன்றும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். போகும்போது, "கேட்டு கொக்கி போட்டுட்டேன்மா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். ஒவ்வொரு நாளும் அதைக் கேட்கும்போது எனக்குச் சுருக்கென்கிறது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
சென்னை-33.