நம்ம பிள்ளை மக்கா?

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வரும் நாட்களில் லயத்து இஸ்தோப்புகளில் வேறு பேச்சே இருக்காது. “அடுத்த காம்பராப் புள்ள பாஸ் பண்ணிருச்சு. நம்ம புள்ளதான் மக்கு. எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏறல.” பிள்ளை பக்கத்திலேயே நின்று இதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தச் சொல் லேசான சொல் அல்ல. “எனக்குப் படிப்பு வராது” என்று பிள்ளையே நம்பத் தொடங்கிவிடும். பிறகு பள்ளிக்கூடத்திற்குப் போக மனம் வராது. சில வருஷம் கழித்து, சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விடும். கடை வேலை கேவலமானதல்ல. ஆனால் படிக்கக்கூடிய பிள்ளை, தன்னால் முடியாது என்று நினைத்துப் போவதுதான் கவலைக்குரிய விஷயம்.

வேறு சில பெற்றோர், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள சொந்தக்காரர் வீட்டில் பிள்ளையை விட்டுப் படிக்கவைக்க ஆசைப்படுகிறார்கள். அங்கே நல்ல தமிழ்ப் பாடசாலைகள் உண்டு. டியூஷன் வகுப்புகளுக்கும் குறைவில்லை. அதற்காகத் தீபாவளி முற்பணத்தையும் எடுப்பார்கள், காதில் கிடப்பதையும் அடகு வைப்பார்கள். இவ்வளவும் செய்வதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே மாதிரி யோசிப்பதில்லை.

இதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மூன்று பிள்ளைகள் ஹட்டனில் ரயில் ஏறிக் கொழும்புக் கோட்டையில் வந்து இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூவரும் வெள்ளவத்தைக்குப் போக வேண்டும்.

முதலாவது பிள்ளையின் கையில் மாமா எழுதிக் கொடுத்த தாள் இருக்கிறது. கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, அடுத்தது வெள்ளவத்தை. தாளில் உள்ளபடியே பார்த்து, பிசகாமல் போய் இறங்குகிறது.

இரண்டாவது பிள்ளை தாளைத் தேடவில்லை. “கடல் மேற்குப் பக்கம். காலி வீதியில் தெற்கே போனால் கடல் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும்” என்று தானே ஒரு வழியைக் கண்டுபிடிக்கிறது.

மூன்றாவது பிள்ளை உடனே கிளம்பவில்லை. பஸ்ஸா ரயிலா, எதில் காசு குறைவு, எதில் நெரிசல் குறைவு என்று நாலு பேரிடம் கேட்டு, ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கிறது.

இந்த மூன்று பேரில் யார் கெட்டிக்காரர்? மூவருமே வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்களே!

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போக வேண்டும் என்றால் கதை மாறும். அது கோட்டையிலிருந்து நேர் எதிர்ப்பக்கம். புறக்கோட்டையைத் தாண்டி, செட்டியார் தெரு, ஜிந்துப்பிட்டிப் பக்கமாகப் போக வேண்டும். முதலாவது பிள்ளையின் தாளில் இந்த வழி இல்லை. இரண்டாவது பிள்ளை துணிந்து நடக்கும், ஆனால் யாரையும் கேட்காமல் போனால் சின்னச் சின்னத் தெருக்களில் சுற்றவேண்டி வரும். மூன்றாவது பிள்ளை எல்லாவற்றையும் எடைபோட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விடும். ஒரு பிள்ளையிடம் இருப்பது மற்றப் பிள்ளைக்கும் தேவைப்படுகிறது.

ரொபர்ட் ஸ்டேர்ன்பேர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் 1997இல் வெளியிட்ட நூலொன்றில் இப்படி மூன்று வகையான யோசனைகளைப் பற்றி எழுதினார். ஒரு நாட்டை நடத்தச் சட்டம் இயற்றுவோர், அதைச் செயற்படுத்துவோர், நியாயம் தீர்ப்போர் என மூன்று தரப்பும் தேவை. அதுபோலவே மனதிற்குள்ளும் புதிதாகக் கண்டுபிடிப்பது, சொன்னதைச் சரியாகச் செய்வது, சீர்தூக்கிப் பார்ப்பது என்ற மூன்றும் உண்டு என்றார். இது திறமையின் அளவு அல்ல, திறமையைப் பயன்படுத்தும் விதம் என்பதையும் அவர் சொன்னார். ஆகவே பாடத்தை அப்படியே ஒப்பிக்க முடியாத பிள்ளையை மக்கு என்று சொல்வது தவறு. ஒருவேளை அது கேள்வி கேட்கிற பிள்ளையாக இருக்கலாம்.

இது நமக்குப் புதிய விஷயமும் அல்ல. கவ்வாத்து வெட்டுகிறவர் எந்தக் கிளையை விடுவது, எதை வெட்டுவது என்று ஒவ்வொரு செடியையும் பார்த்துத்தான் கத்தியை வைக்கிறார். அதுவும் சீர்தூக்கிப் பார்க்கும் யோசனைதான்.

நம் நாட்டுப் பாடசாலைகளும் இதைக் கவனிக்காமல் இல்லை. 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பஹா மாவட்டத்தில் முதலாம் தரத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999இல் நாடு முழுவதற்கும் வந்தது. விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை ஆகிய மூன்று வழியிலும் சின்னப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பிள்ளை கடதாசி வெட்டி ஒட்டுவதையும், கல்லை எண்ணி விளையாடுவதையும் பார்த்து, “பள்ளிக்கூடத்துல விளையாட்டுத்தான் நடக்குது” என்று சொல்ல வேண்டாம். அதுவும் படிப்புதான். புலமைப்பரிசில் பரீட்சையிலும் ஒரு வினாத்தாள் மனப்பாடத்தை அல்ல, யோசிக்கும் திறனையே பெரிதும் சோதிக்கிறது. பழைய வினாத்தாள்களின் விடைகளை மட்டும் நெட்டுருப் போட்ட பிள்ளை அங்கே தடுமாறும்.

சரி, வீட்டில் நாம் என்ன செய்யலாம்? எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் இவற்றைச் செய்யலாம்.

1. ஒரே கணக்கை இரண்டு வழியில் செய்யச் சொல்லுங்கள். “அம்மா ஒரு நாளைக்கு 19 கிலோ கொழுந்து பறிச்சா, ஆறு நாளைக்கு எவ்வளவு?” ஒரு பிள்ளை பத்தை ஆறால் பெருக்கி 60, ஒன்பதை ஆறால் பெருக்கி 54, கூட்டினால் 114 என்று சொல்லும். இன்னொரு பிள்ளை 20 கிலோ என்று வைத்து 120, அதில் ஆறைக் கழித்து 114 என்று சொல்லும். இரண்டும் சரி. “நீ எப்படிச் செஞ்ச, சொல்லு பார்ப்போம்” என்று கேளுங்கள்.

2. பிழையான விடை சொன்னால் உடனே அதட்ட வேண்டாம். “ஏன் அப்படி நினைச்ச?” என்று கேளுங்கள். பேசிக்கொண்டு போகும்போதே பல பிள்ளைகள் தங்கள் பிழையைத் தாங்களே பிடித்துவிடுவார்கள்.

3. சின்னச் சின்ன முடிவுகளைப் பிள்ளையிடம் விடுங்கள். “300 ரூபா இருக்கு. கடையில என்ன வாங்கலாம், எதைப் பிறகு வாங்கலாம்?” என்று கேட்டு, காரணத்தையும் சொல்லச் சொல்லுங்கள்.

4. சொன்னதைச் சொன்னபடி செய்யும் பழக்கமும் வேண்டும். துருதுருவென்று புதுவழி தேடும் பிள்ளை, வினாவை முழுக்க வாசிக்காமல் விடை எழுதிவிடும். ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கும்வரை அதோடு இருக்கப் பழக்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. “இந்தப் பிள்ளை கண்ணால் படிக்கிற பிள்ளை, அந்தப் பிள்ளை காதால் படிக்கிற பிள்ளை” என்று பிரித்து, அதற்கேற்றபடி மட்டும் கற்பிக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். 2008இல் அமெரிக்க உளவியலாளர் சிலர் இதை ஆராய்ந்து, போதிய சான்று இல்லை என்று அறிவித்தார்கள். ஆகவே மக்கு என்ற முத்திரையை எடுத்துவிட்டு, வேறொரு முத்திரையைக் குத்திவிடக் கூடாது. எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வகை யோசனையிலும் பழக்கம் வேண்டும்.

கொழும்புக்கு அனுப்பிப் படிக்கவைக்க வசதியும் நம்பிக்கையான சொந்தக்காரரும் இருந்தால் அனுப்புங்கள். அனுப்பும் முன்பு வகுப்பு ஆசிரியரிடம் போய், “எம் புள்ள எதுல கெட்டி, எதுல உதவி வேணும்?” என்று கேளுங்கள். வசதி இல்லையென்றாலும் கலங்க வேண்டாம். புலமைப்பரிசில் கிடைக்காத பிள்ளையும் தன் பாடசாலையிலேயே தொடர்ந்து படித்து முன்னேறலாம்.

இன்று மாலை வேலை முடிந்து வந்ததும், பிள்ளையிடம் “எத்தனை மார்க்?” என்று கேட்பதற்கு முன், “இன்னைக்கு என்ன கேள்வி கேட்ட?” என்று கேட்டுப் பாருங்கள்.