அகழி நீரின் நிறம் யாது?



வேலூர் லாங் பஜாரின் இரைச்சலையும் நெருக்கத்தையும் கடந்து கோட்டைப் பக்கம் வந்தால், கருங்கல் மதிலைச் சூழ்ந்து அகழி நீர் அமைதியாகக் கிடப்பதைக் காணலாம். அந்நீரின் நிறம் யாது என்று கேட்டால் என்ன விடை கூறுவீர்கள்?

பல ஆண்டுகளுக்கு முன், ஓவிய ஆசிரியர் வாராத ஒரு நாளில், அவ்வகழியை வரையுமாறு என் மாணவர்களைப் பணித்தேன். எல்லோரும் நீருக்கு நீலம் தீட்டினர். ஒருவன் மட்டும் பச்சையும் பழுப்பும் ஊதாவும் கலந்து தீட்டியிருந்தான். “தண்ணீர் நீலம் என்பது தெரியாதா?” என்று கடிந்து, சிவப்பு மையால் கோடிட்டேன். அன்று மாலை அகழிக்கரை வழியே வீடு திரும்பியபோது நீரை உற்றுநோக்கினேன். நீலம் மருந்துக்கும் இல்லை! அவன் கண்டதைத் தீட்டினான். நானோ கேட்டறிந்ததைக் கொண்டு திருத்தினேன்.

பாரிஸ் நகரிலும் இத்தகைய வழக்கொன்று எழுந்தது. லெ ஹாவ்ர் துறைமுகத்தின் விடியற்காலை நீர்ப்பரப்பை 1872ஆம் ஆண்டுக் காட்சியாக மோனே தீட்டிய படம், 1874இல் ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டது. ‘மனப்பதிவு’ என்னும் பொருள்படும் அதன் பெயரையே பற்றிக்கொண்டு ஒரு விமர்சகர் எள்ளி நகையாடினார். அந்த ஏளனச் சொல்லே ‘இம்ப்ரெஷனிசம்’ என்று அவ்வோவிய நெறிக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

இந்நெறிக்கு இரண்டு துணைகள் முன்னரே அமைந்திருந்தன. ஒன்று, ஜான் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் 1841இல் கண்ட வெள்ளீயக் குழாய். அதனால் எண்ணெய் வண்ணத்தை ஆற்றங்கரைக்கே எடுத்துச்செல்ல முடிந்தது. மற்றொன்று, செவ்ரல் என்னும் வேதியியலார் 1839இல் வெளியிட்ட ஆராய்ச்சி. அவர் கோபெலின் நெசவுச்சாலையில் சாயப் பகுதியின் தலைவர். கறுப்பு நூல் மங்கித் தோன்றுவதற்குச் சாயம் காரணமன்று, அடுத்துள்ள நூலின் நிறமே காரணம் என்று அவர் கண்டார். தோலுக்குச் சாயமேற்றுவதைப் பார்த்து வளர்ந்த ஆம்பூர்ப் பிள்ளைகளுக்கு இவ்வாராய்ச்சி சுவையாக இருக்கும்.

இனி, அகழியைத் தீட்டும் முறையைக் காண்போம். காலை வேளையில் கித்தானுடன் கரையில் அமருங்கள். வெண்மையான கித்தானில் முதலில் மெல்லிய காவி நிறம் பூசி உலரவிட்டிருத்தல் நலம். மதில், நீர், வானம் ஆகியவற்றின் பெரும் பகுதிகளை டர்பன்டைன் கலந்த நீர்த்த வண்ணத்தால் குறியுங்கள். ஆளி விதை எண்ணெய் மிகுந்த தடித்த வண்ணம் பின்னரே வரவேண்டும். வரிசை மாறினால் படம் நாளடைவில் வெடிக்கும்.

பின்னர் நீரைக் கூர்ந்து பாருங்கள். காலடியில் நோக்கினால் நீரின் சொந்தப் பச்சையும் பழுப்பும் தெரியும். தொலைவில் சாய்வாக நோக்கினால் வானமும் மதிலும் தெரியும். ஒரே நீர்தான், நோக்கும் கோணமே வேறு. வெயில் படும் கல்லுக்கு இளமஞ்சள் இடுங்கள். நிழலுக்குக் கருமை வேண்டா. நிழற்கல் வானொளியை வாங்கி நீலமாகவோ ஊதாவாகவோ தோன்றும். ஒளியுள்ள பொருளின் பிம்பம் சற்று மங்கலாகவும், இருண்ட பொருளின் பிம்பம் சற்று வெளிறியும் பெரும்பாலும் அமையும். பிம்பத்தை மேலிருந்து கீழாகத் தீட்டி, அது ஈரமாக இருக்கும்போதே சில கிடைக்கோடுகளால் சிற்றலையைக் காட்டுங்கள். வண்ணங்களை முற்றக் குழைத்துவிடாமல் அருகருகே வையுங்கள்; கலக்கும் வேலையைக் கண் பார்த்துக்கொள்ளும். இரண்டு மணி நேரத்துக்குள் எழுந்துவிடுங்கள். அதற்குள் கதிரவன் நகர்ந்து நிழல்கள் மாறிவிடும். எஞ்சியதை மறுநாள் அதே வேளையில் தொடரலாம்.

இவற்றுள் கடினமானது தூரிகையைப் பிடிப்பதன்று. அறிந்ததைச் சற்று ஒதுக்கிவைத்துக் கண்ணை நம்புவதே ஆகும். மறுநாள் வகுப்பில் அம்மாணவனிடம், “தம்பி, பிழை என்னுடையது” என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அந்தக் கடனை இன்று உங்கள்முன் தீர்க்கிறேன். எவரேனும் உங்கள் படத்தைத் திருத்த வந்தால், அவரைப் பணிவுடன் ஒருமுறை அகழிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.