உங்களுக்குத் தெரியுமா? அடுத்தவர் பணத்தில் தொழில் தொடங்கும் முன்...

● கூகுளுக்குக் கிடைத்த முதல் பெரிய செக்கை உடனே வங்கியில் போட முடியவில்லை. 1998 ஆகஸ்டில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனர்களில் ஒருவரான ஆண்டி பெக்டோல்ஷைம், 'கூகுள் இன்க்' பெயரில் 1 லட்சம் டாலருக்கு அதை எழுதிக் கொடுத்தார். அப்படியொரு நிறுவனம் அன்று பதிவாகவே இல்லை! செப்டம்பரில் பதிவு முடிந்த பிறகுதான் பணம் கணக்கில் ஏறியது.

● அதே 1998-ல் கூகுளை நம்பிப் பணம் போட்டவர்களில் சென்னை லயோலா கல்லூரியின் முன்னாள் மாணவர் ராம் ஸ்ரீராமும் ஒருவர். அதன் இயக்குநர் குழுவிலும் நெடுங்காலம் இடம்பெற்றவர்.

● நம் நாட்டில் தனிநபர் நிறுவனமோ கூட்டு நிறுவனமோ வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையோ (எல்.எல்.பி.) பங்கு வெளியிட முடியாது. பங்கு கொடுத்து முதலீடு வாங்க வேண்டுமானால் கம்பெனியாகப் பதிந்திருக்க வேண்டும். பெரும்பாலான ஸ்டார்ட்அப்கள் பிரைவேட் லிமிடெட் ஆவது இதனால்தான்.

● சித்தப்பாவோ நண்பரோ "இந்தா, வச்சுக்கோ" என்று கையில் ரொக்கமாகக் கொடுத்தால், அதற்குப் பங்கு ஒதுக்கச் சட்டம் இடம் தராது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 42-வது பிரிவின்படி, தனிப்பட்ட முறையில் பங்கு வெளியிடும்போது பணம் வங்கி வழியாகத்தான் வர வேண்டும். வந்த 60 நாள்களுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். தவறினால் அடுத்த 15 நாள்களில் திருப்பித் தர வேண்டும். அதற்கும் மேல் தாமதித்தால் 12% வட்டி. 'முதலீட்டாளர்கள் தேவை' என்று பொதுவெளியில் விளம்பரம் செய்யவும் கூடாது. உறவுக்காரர் பணம்தானே என்று இதில் அசட்டையாக இருப்பவர்கள் நிறைய. பின்னால் பெரிய முதலீட்டாளர் வந்து கணக்கைப் புரட்டும்போது முதலில் கண்ணில் படுவது இந்த ஓட்டைதான்.

● 2008-ல் ஏர்பிஎன்பி நிறுவனர்கள் 1.5 லட்சம் டாலர் கேட்டு ஏழு முதலீட்டாளர்களை அணுகினார்கள். ஐந்து பேர் மறுத்தார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. அமேசானுக்கு 10 லட்சம் டாலர் திரட்ட ஜெஃப் பெசோஸ் சுமார் 60 பேரைச் சந்தித்தார். 40 பேர் கைவிரித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

● "உங்கள் கம்பெனிக்கு 4 கோடி மதிப்பு, நான் 1 கோடி போடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். அந்த 4 கோடி, அவர் பணம் வருவதற்கு முந்தைய மதிப்பா, வந்த பிறகான மதிப்பா? முந்தையது என்றால் அவருக்கு 20% பங்கு. பிந்தையது என்றால் 25%. ஒரே ஒரு கேள்வியில் கம்பெனியின் இருபதில் ஒரு பங்கு கைமாறுகிறது. இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள்: முதலீட்டுச் சுற்று ஒன்றுக்கு 20% வீதம் மூன்று சுற்றுகளில் பங்கு கொடுத்தால், நூறு சதவீதம் வைத்திருந்த நிறுவனரிடம் மிஞ்சுவது 51.2%. ஊழியர்களுக்குப் பங்கு ஒதுக்கினால் அதுவும் குறையும்.

● சதவீதத்தைவிட முக்கியமான வரி ஒன்று ஒப்பந்தத்தில் உண்டு: கம்பெனி விற்கப்பட்டால் முதலில் யாருக்குப் பணம்? 5 கோடி போட்டு 25% வாங்கியவருக்கு, போட்ட பணத்தை முதலில் எடுக்கும் உரிமை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி 6 கோடிக்கு விலைபோனால் அவர் 5 கோடியை எடுத்துக்கொள்வார். 75% வைத்திருக்கும் உங்களுக்கு மிஞ்சுவது 1 கோடி. அவருடைய உரிமை 'பங்கேற்கும்' வகை என்றால் அந்த 1 கோடியிலும் கால் பங்கு அவருக்கே. இது ஏமாற்று அல்ல, உலகெங்கும் உள்ள நடைமுறைதான். ஆனால் கையெழுத்திடும் நாளிலேயே இது நிறுவனருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

● நியாய மதிப்புக்கு மேல் பெற்ற பங்குப் பணத்தை வருமானமாகக் கருதி விதிக்கப்பட்ட 'ஏஞ்சல் வரி' 2012-ல் வந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் நீக்கப்பட்டது. தொழில் முனைவோர் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்ற நியாயம் இது.

● சென்னையில் வேரூன்றிய இரண்டு மென்பொருள் நிறுவனங்கள், இரண்டு வழிகள். 2010-ல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் முதலீட்டாளர் பணத்தில் வளர்ந்து 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. 1996-ல் தொடங்கிய ஜோஹோ வெளி முதலீடு வாங்காமலே வளர்ந்தது.

● முதலீட்டாளர் அழைத்துவரும் வழக்கறிஞர் முதலீட்டாளருக்காகப் பேசுபவர். உங்களுக்கென்று கம்பெனிச் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரை அமர்த்துங்கள். முதலீட்டு நிபந்தனைகள் அடங்கிய டேர்ம் ஷீட்டை வரி வரியாக விளக்கச் சொல்லுங்கள். புரியாத வரி ஒன்று இருந்தாலும் அன்றைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.